செயின் போச்சு!

நாற்பது வயதுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சைக்கிள் ரேஸில் இறங்கினேன். விஷயம் தெரிந்ததும் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன், ஸ்கூட்டி என்னாச்சு?"

ஸ்கூட்டி நன்றாகத்தான் இருக்கிறது. பழி முழுக்க என் மகளைச் சேரும். செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டிப் போட்டி வைப்பார்களே, அதில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர். கியர் சைக்கிள் கூடாது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளே போதும். விடிகாலைப் பயிற்சிக்குத் தனியாக அனுப்ப மனம் வராமல், என் பழைய லேடிபேர்டைத் தூசி தட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். போட்டி முடிந்த மறுநாளே "இனிமே அஞ்சு மணிக்கு எழுப்புன, அவ்வளவுதான்" என்று இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கோ நாலரைக்கே விழிப்பு வந்து தொலைத்தது.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அவர் புதுக்கோட்டைக்காரர். 1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினார்களே, ஒரு லட்சத்துக்கும் மேல் என்பார்கள், அந்த லட்சத்தில் ஒருத்தி. முன்னால் தங்கச்சி, பின்னால் நான், கேரியர் ஓரத்தில் கயிறு கட்டிய குடம் என்று ஓட்டியவர். ரேஸ் என்றதும் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அவ்வளவு வேகமா எங்கடி போகப் போற? தண்ணி லாரியா வந்து நிக்குது?"

தஞ்சாவூரில் செகண்ட் ஹேண்டில் ஒரு ரேஸ் சைக்கிள் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லு கூட இல்ல. பாதி சைக்கிளுக்கு எதுக்கு முழு விலை?" அவர் கணக்கில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் வால்வைத் திருகிப் பார்த்து, தன் பம்ப் இதில் உட்காராது என்று கையை விரித்துவிட்டார்.

அப்புறம், ரேஸ்காரர்கள் போடும் அந்த, உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த கால்சட்டை. உள்ளே வேறு எதுவும் போடக்கூடாதாம், போட்டால் தையல் உராய்ந்து புண்ணாகிவிடும். இதை எனக்கு விளக்க வந்த, எங்கள் குழுவில் ஓட்டும் தம்பி, முழு விளக்கத்தையும் எதிர்ச் சுவரைப் பார்த்தே சொல்லி முடித்தான். துவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மதில் வழியாக எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாருக்கு மூலம் ஆபரேஷன்?" என்றார்.

தாலிச் செயின் இன்னொரு பிரச்சினை. வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தால் அது வெளியே வந்து ஊஞ்சலாடி முகவாயில் அடிக்கும். கழற்றி வைக்க மாமியார் சம்மதிக்கவில்லை. கடைசியில், ஜெர்சிக்குள் தள்ளி உள்பக்கமாக ஊக்கு குத்திக்கொள்வது என்று சமாதானம் ஆனோம். வெளியிலிருந்து பார்த்தால் கழுத்து மொட்டை. இந்த மொட்டைக் கழுத்துதான் பின்னால் வம்பை இழுத்துவந்தது.

டெல்டாவில் ரேஸ் பழகுகிறவர்களுக்கு மலை என்பதே கிடையாது. எங்களுக்குப் பாலம்தான் மலை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும். திருவையாற்றில் இறங்கினால் அசோகா அல்வா வாங்காமல் திரும்ப முடியாது. ரேஸ்காரர்கள் தெம்புக்குப் பாக்கெட்டில் விற்கும் ஜெல்லை உறிஞ்சுவார்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த ஒன்று அதற்குக் குறைந்ததில்லை என்பது என் கட்சி. எடை மிஷின் எதிர்க்கட்சி.

மலைக்குப் பதிலாக எங்களுக்குக் காற்று. ஆடியில் மேற்கே திரும்பினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அதற்காகவே முன்னால் போகிறவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு போகப் பழக வேண்டும். அவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். கொஞ்சம் பின்தங்கினாலும் அந்த நிழல் போய்விடும், ஆளைப் பிடிக்கவே முடியாது. "ஒட்டிக்கிட்டே வாங்கக்கா, விட்றாதீங்க" என்பான் தம்பி.

மாசி மாதம், சம்பா அறுவடை நேரம். கண்டியூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி போகும் சாலையில் தம்பி முன்னால், நான் பின்னால். ஒரு ஊருக்குள் நுழைந்தோம். வழக்கம்போலச் சாலையில் பாதி நெல் காயப்போட்டிருந்தது. மீதிப் பாதியில் எதிரே டிராக்டர். வேகத்தைக் குறைக்க நினைத்து, பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டே முன் கியரைப் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு மாற்றினேன். செய்யவே கூடாத காரியம். கடக்கென்று சத்தம். செயின் கழன்று உள்பக்கமாக விழுந்துவிட்டது. கால் சும்மா சுற்றுகிறது, வண்டி நிற்கப் போகிறது. என் ரேஸ் ஷூவோ அடியில் இருக்கும் பூட்டால் பெடலோடு பூட்டிக் கிடக்கிறது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், விழுந்த பிறகு.

அப்படியே சாய்ந்து நெல்லில் விழுந்தேன். மெத்தை மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். படுத்தபடியே கத்தினேன்: "தம்பி! நில்லு தம்பி! செயினு! செயின் போச்சு!"

தம்பி காதில் விழவில்லை. ஊர் காதில் விழுந்தது.

அவர்கள் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நெல்லில் உருண்டு கிடக்கும் பொம்பளை, வெறுங்கழுத்து, செயின் போச்சு என்று கூப்பாடு. அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியும் இறுக்கமான கால்சட்டையும் தலைக்கவசமுமாகப் பறந்துகொண்டிருக்கும் ஒருத்தன். டீக்கடை பெஞ்சிலிருந்து நாலு பேர் எழுந்தார்கள். இரண்டு டிவிஎஸ் எக்ஸ்எல் கிளம்பிவிட்டன. "அவன் இல்லைங்க, அது சைக்கிள் செ..." என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பாட்டி என் வாயில் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

ஐந்தே நிமிடத்தில் சட்டைக் காலரோடு தம்பியைக் கொண்டுவந்தார்கள். "முதுகுல மூணு பை வச்சிருக்காண்ணே, தொழில்காரப் பய!" ஜெர்சியின் பின்பைகளை ஒவ்வொன்றாகத் துழாவினார்கள். இரண்டு வாழைப்பழம், கடலைமிட்டாய், ஒரு டியூப், சின்னப் பம்ப். பம்பைப் பார்த்ததும் ஒருத்தர் "ஆயுதம்" என்றார். தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வேறு வழியில்லாமல் திரும்பி நின்று, ஊக்கைக் கழற்றி, தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"பெறவு எதுக்குடி செயின் செயின்னு கத்துன?" என்றார் பாட்டி.

சைக்கிளைக் காட்டினேன். கறுப்பு எண்ணெயோடு தொங்கிக்கொண்டிருந்த செயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா?"

தம்பி குந்தி உட்கார்ந்து, பின்பக்கம் தொங்கும் கியர் கம்பியை முன்னால் தள்ளிச் செயினைத் தளர்த்தி, சின்னப் பல்சக்கரத்தில் எடுத்து மாட்டி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினான். பத்து விநாடி வேலை. அது முடிந்ததும் பாட்டி என் பக்கம் திரும்பினார். கலைத்த நெல்லை யார் பரப்பிவிடுவது? ரேஸ் ஷூவோடு காலால் துழாவித் துழாவி மறுபடி பரப்பினேன். ஷூவின் அடியில் பூட்டு மாட்டும் இடுக்கெல்லாம் நெல். பாட்டி என் காலைத் தூக்கிப் பிடித்து, ஒரு குச்சியால் ஒவ்வொரு மணியாக நோண்டி முந்தானையில் போட்டுக்கொண்ட பிறகுதான் விட்டார்.

மூன்று வாரம் கழித்து முதல் ரேஸ். முப்பது கிலோமீட்டர், பெண்கள் ஒன்பது பேர். முதல் நாலு பேரைத் தொடங்கிய இடத்தில் பார்த்ததோடு சரி. எனக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண், அவளைப் பிடித்தால் ஆறாவது இடம். நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தேன். பாதை அதே ஊர் வழியாகத்தான். டீக்கடை, நெல், அதே பாட்டி. என்னை அடையாளம் கண்டுகொண்டார். முன்னால் போகிறவளைப் பார்த்தார், பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தும் என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, இந்தத் தடவ அவளா அறுத்துட்டு ஓடுறா?"

டீக்கடை பெஞ்சில் நாலு பேர் எழுந்தார்கள். இல்லை பாட்டி என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை. மூச்சு மட்டும்தான் காரணம், சத்தியமாக.