நான் ஐ.எஸ்.டி.ஜே.வாம்

அலுவலகத்தில் டீம் லீடர்கள் எல்லோருக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். எனக்கு வந்தது ஐ.எஸ்.டி.ஜே. முதல் எழுத்து 'ஐ' என்றால் இன்ட்ரோவர்ட், உள்முக ஆசாமி; மொத்தத்தில் பட்டியல் போட்டே வாழும் ரகம். சரிதான், மளிகைச் சீட்டையே கடையின் அலமாரி வரிசைப்படி எழுதுகிறவன் நான்.

உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதியதை வைத்து, கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய 16 வகைகள் இவை. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. எங்கள் மேலாளரோ அடுத்த வாரமே, "நீங்க இன்ட்ரோவர்ட், கிளையன்ட் மீட்டிங் வேண்டாம்" என்றுவிட்டார். நாலு எழுத்தில் ஜாதகம் முடிந்தது!

இந்தத் தேர்வால் ஒரு நல்லதும் நடந்தது. கூட்டத்தில் வாயே திறக்காத ஜூனியர் ஒருவருக்குப் பேசப்போகும் விஷயத்தை முந்தின நாளே அனுப்ப ஆரம்பித்தேன். இப்போது மூன்று கேள்விகளோடு வருகிறார். மூன்றுக்கும் எனக்குப் பதில் தெரிவதில்லை.