அந்த 11 நாள்

பாலிடெக்னிக் பரீட்சையில் நெட்வொர்க் டயகிராம், அதாவது எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை என்று அம்பு போட்டு நாள் கணக்குப் பார்க்கிற படம், கேள்வியாக வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். முன்னோக்கிக் கூட்டிப் போகும்போது வந்து சேருகிற அம்புகளில் பெரிய எண், பின்னோக்கிக் கழித்து வரும்போது சின்ன எண், கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஃப்ளோட், அதாவது மொத்த வேலையும் தள்ளிப்போகாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பது, அவ்வளவுதான் விஷயம். அதே கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சைட்டில் நான் மூக்குடைபட்டதுதான் இந்தக் கதை.

வேலை என்னவோ சின்னதுதான். ஒரு மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கூடம். பங்குனிக் கடைசியில் மேல்தளம் கான்கிரீட் போட்டாகிவிட்டது, வைகாசியில் முகூர்த்தம் குறித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். கான்கிரீட் போட்ட நாளை 0 என்று வைத்து மீதி வேலையை வரைந்தேன். அகலம் 4.5 மீட்டருக்கு மேல் என்பதால் 14 நாளுக்குத் தளத்தைத் தாங்குகிற முட்டுகளை எடுக்கக் கூடாது, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 அப்படித்தான் சொல்கிறது, ஓனர் எத்தனை தடவை கேட்டாலும் அது குறையாது. அப்புறம் உள்பூச்சு 15, டைல்ஸ் 12, பெயின்ட் 10. ஆக 51 நாள். இதுதான் கிரிட்டிகல் பாத், இதில் ஒரு நாள் நழுவினாலும் முகூர்த்தம் நழுவும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. செப்டிக் டேங்குக்குக் குழி தோண்ட 5 நாள், டேங்க் கட்ட 9, பைப் இழுத்து இணைக்க 4, மொத்தம் 18. பைப்புக்கான பள்ளம் வாசலைக் குறுக்கே வெட்டிப் போவதால், அதை மூடினால்தான் டைல்ஸ் லாரி உள்ளே வரும். டைல்ஸ் ஆரம்பிப்பது 29ஆம் நாள். 29இல் 18 போனால் 11. சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் ஃப்ளோட்டை எழுதிப் பார்த்தேன்: குழிக்கு 11, டேங்குக்கு 11, பைப்புக்கு 11. 1950களின் கடைசியில் டூபான்ட் கம்பெனி ரசாயன ஆலைகளுக்காக யுனிவாக் கணினியில் போட்டுப் பார்த்த கணக்கு இது, எனக்கு ஒரு பலகை போதுமானதாக இருந்தது. ரொம்பப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமையில் ஒரு காரியம் செய்தேன். ஜேசிபிக்காரர், கொத்தனார், பிளம்பர் மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, "உங்களுக்கு 11 நாள் கையில இருக்கு, பதறாம செய்யுங்க" என்றேன்.

ஜேசிபிக்காரர் பதறவே இல்லை. வேறு சைட்டை முடித்துவிட்டு 7 நாள் கழித்து வந்தார். குழி 12ஆம் நாள் முடிந்தது. கொத்தனாருக்கு வண்டியூர். வேலை பாதியில் நிற்கும்போது சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. போன் பண்ணினேன். "சார், அழகர் எங்க ஊருக்கு வர்றாரு, நான் அங்க நின்னு செப்டிக் டேங்க் கட்டவா?" இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்று என் லேப்டாப்புக்கு மேலே தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரில் சிவப்பில் போட்டிருந்தது, என் ஷெட்யூலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. 6 நாள் போனது. டேங்க் முடிந்தது 27ஆம் நாள். அதற்கப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் நிதானமாகக் கேட்கிறார், "நீங்கதான சார் 11 நாள் இருக்குன்னீங்க?" பைப்புக்கு 4 நாள் சேர்த்தால் 31, கையில் இருந்தது மைனஸ் 2.

இதில் அவர்கள் யார் மேலும் தப்பில்லை. நான்தான் ஒரே 11 நாளை மூன்று பேருக்கு விற்றிருக்கிறேன். பாடத்தில் டோட்டல் ஃப்ளோட், ஃப்ரீ ஃப்ளோட் என்று இரண்டு வரும், நான் பலகையில் போட்டது முதலாவது, இரண்டாவதை நாங்கள் ஒரு மார்க்குக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. அடுத்த வேலை தொடங்குகிற நாளிலிருந்து நம் வேலை முடிகிற நாளைக் கழித்தால் ஃப்ரீ ஃப்ளோட். குழி 5இல் முடியும், டேங்க் 5இல் தொடங்கும், ஆக சைபர். டேங்க் 14, பைப் 14, சைபர். பைப் மட்டும் 18இல் முடிந்து 29 வரைக்கும் சும்மா கிடக்கும், அதற்குத்தான் 11. அதாவது யாருக்கும் கெடுதல் இல்லாமல் தாமதிக்கக் கூடியவர் கடைசி ஆள் ஒருவர்தான், அதுவும் முன்னால் இருப்பவர்கள் நேரத்துக்கு முடித்தால். மேலூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினபோது, "பங்குக் கிணறு சார் அது. முத பங்காளி மோட்டார நிறுத்தாம ஓட்டுனா கடைசிப் பங்காளிக்குச் சேறுதான்" என்றார். மூன்று வருஷப் படிப்பில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் இன்னும் உறுத்துவது வேறு. டேங்க் நின்றுகிடந்த அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பூச்சு வேலைக்காரர்கள் தலைமேல். அது கிரிட்டிகல் ஆயிற்றே! ராத்திரி லைட் கட்டி, கூடுதல் கூலி கொடுத்து, சொன்னபடி 29ஆம் நாள் முடித்தேன். முடித்து என்ன, வாசலில் பள்ளம், ரோட்டில் டைல்ஸ் லாரி. கொத்தனார் ஊருக்குப் போன அந்த வாரமே செப்டிக் வரிசை கிரிட்டிகல் ஆகிவிட்டது, பூச்சுக்குத்தான் 2 நாள் ஃப்ளோட் வந்திருந்தது. பலகையை ஒருமுறை அழித்துத் திரும்பப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் முதல் நாள் போட்ட கணக்கையே கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பைப் 31ஆம் நாள் முடிந்து, பெயின்டர்களுக்கு இன்னும் இரண்டு ஆள் சேர்த்துச் சமாளித்தோம். முகூர்த்தத்தன்று கைகழுவும் இடத்துச் சுவரில் சாயாதீர்கள் என்று நானே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன், பெயின்ட் காயவில்லை.

இப்போதெல்லாம் யாரிடமும் ஃப்ளோட்டைச் சொல்வதில்லை, தேதியை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் கணக்கைப் புதிதாகப் போடுகிறேன், கிரிட்டிகல் பாத் இடம் மாறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பது. திருவிழாக்களை மட்டும் மளிகைக்கடைக் காலண்டரைப் பார்த்தே ஏற்றுகிறேன். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் மறைக்கிறேன் என்று தெரிந்ததும் அவர்களும் மறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதே பிளம்பர் போன வாரம் வந்தார், அதே மாதிரி பைப் வேலை. எத்தனை நாள் ஆகும் அண்ணே என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "7 நாள் சார்" என்றார்.