நெருப்புக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை

செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவர்களுக்குச் சுருக்கம் என்பது அன்றாடக் கணக்கு. பல்லின் மேல் மாட்டும் ஜிர்கோனியா கேப்பை மெஷின் வேண்டுமென்றே பெரிதாகத்தான் வெட்டித் தரும். ஃபர்னஸில் வைத்து எடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, வாயில் பொருந்தும் அளவுக்கு வந்து நிற்கும். பீங்கான் வேலையும் அப்படித்தான். பொடியைக் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காக ஏற்றி, சுட்டு எடுத்தால் பல். புரசைவாக்கத்தில் ஒரு லேபில் பல வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளியையும் இதே மாதிரி பொடியாக்கி, குழைத்து, கையால் உருப்பிடித்து, சுட்டு நகையாக்கலாம் என்று தெரிய வந்ததும் எனக்குக் கை பரபரத்துவிட்டது.

வெள்ளிக் களிமண் என்று பெயர் இருந்தாலும் அதில் மண் எதுவும் கிடையாது. மாவைவிட நுண்ணிய வெள்ளித் துகள், அதைப் பிடித்து வைக்க எரிந்து போகக்கூடிய ஒரு பசை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மசாகி மொரிகாவா இதை உருவாக்கினார். நான் வாங்குவது அய்டா கெமிக்கல் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் ஆர்ட் க்ளே சில்வர். சுடும்போது பசை எரிந்து போகும். வெள்ளித் துகள்கள் உருகாமலேயே, ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிச் சேர்ந்துவிடும். சுத்த வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். இதற்கு 800 டிகிரியில் 5 நிமிடம் போதும், 650 என்றால் 30 நிமிடம். மிஞ்சுவது 999 வெள்ளி. கடையில் 925 என்று விற்பதில் ஆயிரத்துக்கு 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. ‘இது அசல் வெள்ளிதானா?’ என்று கேட்பவர்களிடம், உங்கள் காலில் கிடக்கும் கொலுசைவிடச் சுத்தமான வெள்ளி என்றுதான் சொல்கிறேன்.

அலுமினியம் மட்டும் இதன் பக்கத்தில் வரவே கூடாது. அலுமினியத் தட்டு, ஃபாயில் எதுவுமே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் களிமண் கெட்டுவிடும். டெஃப்லான் ஷீட், கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் சரி. உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அதிகமானால் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு ஒட்டாமல் தடுக்கும். தடிமனுக்குச் சீட்டுக்கட்டு. இரண்டு பக்கமும் நான்கு நான்கு சீட்டு அடுக்கி, நடுவில் களிமண்ணை வைத்து, பிளாஸ்டிக் குழாய்த் துண்டை அதன் மேல் உருட்டினால் சுமார் 1 மில்லிமீட்டரில் ஒரே சீரான தகடு வரும். அப்புறம் முக்கியமாக மின்விசிறியை நிறுத்துங்கள். கத்திரி வெயிலில் நம் ஊரில் இதைவிடப் பெரிய தியாகம் கிடையாது. ஆனால் விசிறிக் காற்று பட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து விரிசல் விட்டுவிடும். அந்த விஷயத்தில் சென்னையின் புழுக்கம் நமக்குத் துணைதான். ஈரக்காற்றில் களிமண் அவசரப்படாமல் வளைந்து கொடுக்கும்.

எனக்குப் பிடித்தது இலை. கற்பூரவல்லியைச் சளிக்குக் கஷாயம் வைக்கப் பறிக்கும்போது அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பு தடித்து, அதிலிருந்து கிளை பிரிந்து, கிளையிலிருந்து வலைபோல் பின்னி, ஒவ்வொரு நரம்பும் மேடாக எழும்பி நிற்கும். உருட்டிய தகட்டின் மேல் அந்தப் பக்கத்தை வைத்து, சீட்டை எடுக்காமல் குழாயால் ஒரு முறை அழுத்தினால், இலையை உரித்தெடுத்ததும் அத்தனையும் பள்ளமாகப் பதிந்திருக்கும். இலையின் மெல்லிய ரோமம்கூடப் பதியும். எந்தச் சிற்றுளியாலும் என்னால் அதைச் செதுக்க முடியாது.

இன்னொரு வழி, களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, இலை மேலேயே பூசுவது. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது என்று பத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். பீங்கான் ஏற்றும் அதே மென்முடி பிரஷ் இதற்கும் கைகொடுக்கிறது. சுடும்போது உள்ளே இருக்கும் இலை எரிந்துவிடும், வெள்ளி இலை நிற்கும். இதற்குக் கற்பூரவல்லி சரிப்படாது. அதில் சாறு அதிகம், காயக் காயச் சுருங்கி, பூச்சையும் சேர்த்து இழுக்கும். துளசி, வல்லாரை போன்ற மெல்லிய இலைதான் சரி. கீரைக்காரம்மாவிடம் வல்லாரைக் கட்டு வாங்கினால் பதக்க அளவில் நாலைந்து இலையாவது தேறும், மீதி துவையலுக்கு.

இப்போது நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டைப் பிரிப்பதையும் டார்ச் அடிப்பதையும் படம்பிடித்துப் போடுகிறவர்கள் எல்லாரும் நடுவில் உள்ள ஒரு கட்டத்தை இரண்டே நொடியில் தாண்டிவிடுகிறார்கள். ஈரம் முழுக்கப் போய், இன்னும் நெருப்பைப் பார்க்காத கட்டம் அது. நகை உண்மையில் உருவாவது அங்கேதான் என்பது என் தீர்மானமான எண்ணம். அந்த நேரத்தில் துண்டு சாக்பீஸ் மாதிரி இருக்கும். நகம் தேய்க்கும் அட்டையால் தேய்த்தால் ஓரம் பட்டுப்போல் ஆகும். சின்ன டிரில் பிட்டை விரலால் திருகினாலே ஓட்டை விழும். சுட்ட பிறகு அதே ஓரத்தைச் சரிசெய்ய அரம் வேண்டும், நேரம் வேண்டும், கை வலிக்கும், வெள்ளியும் வீணாகும். காய்ந்த நிலையில் ஐந்து நிமிடத்தில் போகும் கீறல், சுட்ட பிறகு அரை மணி நேரம் கேட்கும்.

அதனால் நான் லேபில் கேப்பைப் பார்ப்பதுபோல் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். மெழுகு செதுக்கும் லெக்ரான் கத்தியால், நரம்புப் பள்ளத்தில் அடைத்திருக்கும் துகளை நுனியால் தள்ளுவேன். மயிரிழை விரிசல் இருந்தால் பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டு நனைத்து, கூழ் வைத்து நிரப்பி, மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்ப்பேன். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் மேடுபள்ளம் நிழல் காட்டும். நேர் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். தேய்த்த தூளை ஒரு டப்பாவில் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் விட்டால் அதுவே அடுத்த கூழ். பத்தர் பட்டறையில் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட விடாமல் சேர்த்து வைப்பார்கள், அந்தப் பழக்கம் நமக்கும் வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது, ஐப்பசி கார்த்திகையில் சுத்தமாக முடியாது. அடைமழைக் காலத்தில் இரவு முழுக்க வைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஹேர் டிரையரால் துண்டை மெல்லச் சூடாக்கி, பளபளப்பான எவர்சில்வர் தட்டின் மேல் சில நொடி வைத்து எடுங்கள். தட்டில் ஆவி படிந்த தடம் தெரிந்தால் இன்னும் காயவில்லை. அந்த ஈரத்தோடு நெருப்பில் வைத்தால் நீராவி வெளியே வர வழி தேடி, துண்டைப் பிளந்துவிடும்.

சுடுவதற்கு லேப் ஃபர்னஸைப் பயன்படுத்தலாமே என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. பீங்கானுக்கு வெள்ளி ஆகாது. வெள்ளியின் ஆவி ஃபர்னஸில் தங்கிவிட்டால் பிறகு அதில் சுடும் பற்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறிவிடும். யாருடைய வாய்க்கோ போகிற பல் அது. எனவே வீட்டில் பியூட்டேன் டார்ச்தான், கேக் கடைகளில் சர்க்கரையைக் கருக்க வைத்திருப்பார்களே, அந்த வகை. டார்ச்சில் சுடுவதானால் துண்டு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

அயனாவரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கடற்காற்று நேராக அடிக்காத மூலைதான் என் இடம். விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறுவேன். நல்ல வெளிச்சத்தில் உலோகம் கனலும் நிறம் தெரியாது, முழு இருட்டில் எல்லாமே அதிகமாகத் தெரியும். சூளைச் செங்கல்லின் மேல் துண்டை வைத்து, டார்ச்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால் முதலில் புகை, அப்புறம் மேலே சின்னதாக ஒரு சுடர். அது பசை எரிவது, பயப்பட வேண்டியதில்லை. அந்தச் சுடர் அடங்கியதும் துண்டு வெளுத்து, கொஞ்ச நேரத்தில் பழுத்த பப்பாளிச் சதையின் நிறத்துக்கு வரும். அந்த நிறம் வந்த பிறகுதான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். சின்னப் பதக்கத்துக்கும் 2 நிமிடத்துக்குக் குறைய நான் விடமாட்டேன். குறைத்தால் துகள்கள் சரியாகச் சேராமல், பார்க்க நகை மாதிரி இருந்துகொண்டே வளைத்தால் ஒடிந்துவிடும். மேல்பரப்பு திடீரென்று கண்ணாடிபோல் மின்ன ஆரம்பித்தால் உருகப் போகிறது என்று அர்த்தம், டார்ச்சை உடனே விலக்க வேண்டும். கண் முன்னாலேயே துண்டு சுருங்குவது தெரியும், ஆர்ட் க்ளேயில் 8 முதல் 10 சதவீதம் வரை.

ஆறிய துண்டு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கும். பித்தளைக் கம்பி பிரஷ்ஷும் பூந்திக்கொட்டை நீரும் போதும், தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெள்ளி வெளியே வரும். செம்பு இல்லாததால் கருந்தோல் பிடிக்காது, அமிலத்தில் போட்டு எடுக்கும் வேலையும் இல்லை. குழந்தைகள் ஓடும் வீட்டில் இது பெரிய நிம்மதி. அகேட் கல் பதித்த மெருகுக்கோலால் மேட்டை மட்டும் அழுத்தித் தேய்த்தால் பளபளக்கும். நரம்புப் பள்ளம் கருப்பாக இருந்தால்தான் இலை எடுப்பாகத் தெரியும் என்பவர்கள், வேகவைத்த முட்டையை மசித்து ஒரு மூடிய டப்பாவில் பதக்கத்தோடு வைத்துவிடுங்கள். முட்டையின் கந்தகம் வெள்ளியைக் கருக்கும். பிறகு திருநீற்றைத் தொட்டு மேட்டை மட்டும் துடைத்தால் பள்ளத்தில் கருமை தங்கிவிடும். குத்துவிளக்கு தேய்த்த கைகளுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

பதக்கத்தைக் கோக்கும் வளையத்தைப் பற்றவைக்க மட்டும் நான் சவுகார்பேட்டையில் ஒரு பத்தரிடம் போகிறேன். தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில், ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் பட்டறை. துண்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, வார்ப்பா?”

“இல்லைங்க ஐயா, பொடியைக் குழைச்சுச் சுட்டது.”

“அதான் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியிற கனம் கையில இல்லையே.”

அந்தக் கைக்குத் தராசு எதற்கு! துகள் சேர்ந்து உண்டானதால் உள்ளே நுண்ணிய இடைவெளிகள் இருக்கத்தான் செய்யும், வார்த்த வெள்ளியின் அடர்த்தி இதற்கு வராது. அதனால்தான் நேரடியாகப் பொடி, அதாவது பற்றவைக்க உருக்கும் உலோகம், வைத்து ஊதினால் உருகிய பொடியை இது உறிஞ்சிக்கொள்ளும். “வளையம் வர்ற இடத்தை மட்டும் முதல்ல நல்லா அழுத்தி மெருகு தேய்ச்சுடுங்க ஐயா, அப்புறம் பொடி நிக்கும்” என்றேன். வெங்காரம் தடவுவதற்கு முன்னால் அப்படியே தேய்த்தார், வளையம் சுத்தமாக உட்கார்ந்தது. பிறகு லென்ஸை எடுத்து நரம்புகளை வெகுநேரம் பார்த்தார். “செதுக்காம எப்படிம்மா இவ்வளவு வந்துச்சு?” என்றார். பையில் இருந்த காய்ந்த, இன்னும் சுடாத துண்டு ஒன்றைக் காட்டினேன். விரல் நுனியில் ஏந்திப் பார்த்துவிட்டு, மூச்சுக்காற்றுகூடப் படாமல் திருப்பிக் கொடுத்தார்.

அவர் செய்யும் வேலைக்கு இது மாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சங்கிலி, கொக்கி, மெட்டி, கல்லைப் பிடிக்கும் மெல்லிய கம்பி நகம், இவையெல்லாம் இழுபடும், வளையும், அடிபடும். அங்கே இழுத்து நீட்டிய கம்பிக்கும் அடித்த தகட்டுக்கும் உள்ள பலம் இதற்கு இல்லை. எதையாவது பதிய வைக்க வேண்டும், உருவம் ஒன்றே ஒன்று போதும், கழுத்திலோ காதிலோ அசையாமல் தொங்கப்போகிறது என்றால் இதைவிட நல்ல பொருள் கிடையாது. விலையும் யோசிக்க வைக்கும். இறக்குமதி என்பதால் அதே எடை வெள்ளிக் கட்டியைப்போல் பல மடங்கு ஆகும். 7, 10, 20, 50 கிராம் பாக்கெட்டுகள் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் 10 கிராம் வாங்கினால் போதும். அதைப் பிரிப்பதற்கு முன்னால் பாலிமர் களிமண்ணில் அதே இலையை, அதே சீட்டுத் தடிமனில் பதித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

ஜோடிக் கம்மல் கேட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள், அதில்தான் சிரமமும். இரண்டு துண்டையும் ஒரே தகட்டிலிருந்து ஒரே நேரத்தில் வெட்ட வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காயவிட வேண்டும், தேய்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அளவு பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் டார்ச்சில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு போனால் அது கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கும், காதில் போட்டால் தெரிந்துவிடும். சின்ன மின்சூளை இருந்தால் இரண்டும் ஒரே சூட்டில் வேகும். டார்ச் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் பதக்கமே செய்யுங்கள், கம்மல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.