மூன்றாவது ஈடு வடாம் அறுந்துபோகாமல் வந்தது

இன்று காலை பிழிந்த மூன்றாவது ஈடு ஒரு இழைகூட அறாமல் ஷீட்டில் படுத்திருக்கிறது. மாடியிலிருந்து இறங்கி வந்த கையோடு எழுதுகிறேன். இந்த வாரம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது கூழ் இல்லை, பிழிவதுதான். கூழ் பதத்தைப் பற்றி ஆளாளுக்குச் சொல்கிறார்கள், பிழியும் அச்சான நாழியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அப்பா பழைய ஆபீஸ் நண்பர்களோடு காசி, கயா என்று எட்டு நாள் பயணம் போயிருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி, மூன்று மாடி ஏற முடியாது, தனியாக விட மனமில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேற்கு மாம்பலம் வந்துவிட்டேன். பால், மருந்து, தண்ணீர் மோட்டார் எல்லாம் சுலபமாகப் போய்விட்டது. ஆனால் சித்திரை வெயிலில் வடாம் போடுவது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. அம்மா கிளறுவாள், அப்பா மாடிக்குக் கொண்டுபோய்ப் பிழிவார். "அவர் வரட்டும்டா, என்ன அவசரம்" என்றாள். நடுவில் ஒரு கோடை மழை வந்தால் போச்சு, நான் பிழிகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாவு விஷயம் உங்களுக்குத் தெரியும். 4 ஆழாக்கு பழைய பச்சரிசிக்கு அரை ஆழாக்கு ஜவ்வரிசி, மில்லில் ஒன்றாக அரைத்தது. முதல் நாள் போன மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைக் கொட்டிவிட்டார்கள், மேல் மாவு முழுக்கப் பழுப்பு. அதைத் தனியாக எடுத்துத் தோசைக்கு வைத்துவிட்டேன். அரிசி அரைத்த பிறகுதான் நம்முடையதைப் போட வேண்டும் என்று நின்று கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். ஒன்றுக்கு மூன்று தண்ணீர், பச்சை மிளகாய் விழுது, ஊறவைத்த கட்டிப் பெருங்காயம். உப்பு நாக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும், காய்ந்தால் ஏறிவிடும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, கடைசியில் எலுமிச்சை.

சரி, நாழிக்கு வருகிறேன். எங்களுடையது பித்தளை, இரண்டு பக்கமும் காது வைத்த பழைய கனமான நாழி. முதல் ஈட்டில் பிழியக் கஷ்டமாக இருக்குமோ என்று பயந்து, கூழில் அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக விட்டேன். பிழிய நன்றாகத்தான் வந்தது, ஆனால் ஷீட்டில் விழுந்ததும் இழைகள் ஒன்றோடொன்று கூடி அடை மாதிரி ஆகிவிட்டன. இரண்டாவது ஈட்டில் அம்மா சொன்ன கணக்கு மாறாமல் கிளறினோம். முதல் இரண்டு நாழி தேன்குழல் மாதிரி அழகாக விழுந்தது. மூன்றாவதில் ஓரம் அடைத்துக்கொண்டு நடுத் துளைகளில் மட்டும் வந்தது, ஐந்தாவதில் இரண்டு கையாலும் உடம்பைப் போட்டு அழுத்தியும் துண்டு துண்டாக உதிர்ந்தது. உள்ளங்கை சிவந்துவிட்டது. கூழ் மேல் சந்தேகப்பட்டு அம்மாவிடம் போய்க் கேட்டால், "கூழ் சரியாத்தான் இருக்கு, அவர் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லையே" என்கிறாள். அப்பா மேலே போனால் ஒரு மணி நேரத்தில் காலிப் பாத்திரத்தோடு இறங்குவார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது ஒரு பழைய வேட்டித் துண்டு கையில் வந்தது. பரணிலிருந்து நாழியை இறக்கியபோது அதன் மேல் சுற்றியிருந்தது, அழுக்காக இருக்கிறதே என்று நான்தான் துவைக்கப் போட்டிருந்தேன். அகலம் சரியாக நாழியின் உடம்பு அளவு. ஒரு முனையில் நாடா தைத்திருந்தது, விரல் படும் இடத்தில் மட்டும் நூல் தேய்ந்து சல்லடையாகியிருந்தது. தூசிக்காகச் சுற்றி வைத்த துணியில்லை அது, சுற்றிக்கொண்டுதான் அப்பா பிழிந்திருக்கிறார்! அம்மாவிடம் காட்டினேன். "பரணில வைக்கறதுக்காகச் சுத்தறார்னு நினைச்சிட்டிருந்தேன்டா" என்று அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தாள்.

யோசித்தால் காரணம் தெளிவாக இருக்கிறது. பித்தளை சூட்டைச் சட்டென்று வாங்கி வெளியே விட்டுவிடும். விடிகாலைக் காற்றில் நாழியின் சுவரை ஒட்டிய கூழ்தான் முதலில் ஆறி இறுகுகிறது, அதனால்தான் ஓரத்துத் துளைகள் அடைக்கின்றன, நடுவில் மட்டும் தடிமனாக வருகிறது. தடிமனான இழை உள்ளே காயாது. இரண்டாவது ஈட்டில் இரண்டை எடுத்துப் பொரித்துப் பார்த்தேன், மேலே பொரிந்து நடுவில் வெள்ளையாகக் கல் மாதிரி நின்றது.

இன்று காலை செய்தது இதுதான். நாழியையும் அதன் அடியில் போடும் துளை வில்லையையும் கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்தேன், வேட்டித் துண்டை ஈரமில்லாமல் இறுக்கிச் சுற்றி நாடாவைக் கட்டினேன். கூழை வாயகன்ற பாத்திரத்தில் கொண்டுபோகாமல் ஹாட்பேக்கில் மாற்றி, எடுத்ததும் மூடி, எடுத்ததும் மூடி. நாழியை விளிம்பு வரை நிரப்பாமல் முக்கால் பாகம் போட்டேன், அப்போதுதான் கடைசிப் பிடி ஆறுவதற்குள் வெளியே வருகிறது. பதினான்கு நாழி, கை வலிக்கவே இல்லை. ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடித்துவிட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

காயவைப்பதில் சென்னைக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காலை வெயில்தான் நமக்கு. மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிட்டால் வெயில் இருந்தாலும் காற்றில் ஈரம் ஏறிவிடும், நான் நான்கு மணிக்கே மூடி எடுத்து வந்துவிடுகிறேன். காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்து வைத்தேன், ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. அம்மாவால் மேலே வர முடியாததால் தினமும் ஒன்றைக் கீழே கொண்டுபோகிறேன். அவள் அதை எவர்சில்வர் தட்டில் போட்டுக் காது கொடுத்துக் கேட்கிறாள். சத்தம் மந்தமாக இருந்தால் "இன்னொரு வெயில்" என்பாள். இரண்டாவது ஈட்டில் மெல்லிசாக வந்ததை மட்டும் நேற்று போட்டுப் பார்த்தபோது கலீரென்றது. டப்பாவில் போட்டாயிற்று.

ஜவ்வரிசி வாங்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள், நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்கு இருக்கட்டும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, இங்கே கடைகளில் அதுவேதான் சுலபமாகக் கிடைக்கிறது. ரங்கநாதன் தெருப் பக்கம் புது நாழிகள் பார்த்தேன், அலுமினியம் எடை குறைவாக இருக்கிறது, ஆனால் அதுவும் சூட்டை நிறுத்தாது. மர நாழி ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. அடுத்த வாரம் மோர் மிளகாய், அப்புறம் கொத்தவரங்காய் வத்தல்.

கொத்தவரங்காய் என்றதும் நினைவு வருகிறது. கயாவில் ஒரு காயும் ஒரு பழமும் இனிச் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிட்டு வருவார்கள் இல்லையா, நேற்று ராத்திரி அப்பா போன் செய்தபோது அம்மா முதலில் கேட்டதே அதுதான். "என்னங்க, கொத்தவரங்காயை மட்டும் விட்டுடாதீங்க, பையன் வத்தல் போடப்போறான்." நான் போனை வாங்கி வேட்டித் துண்டைப் பற்றிக் கேட்டேன். "அதைத் துவைச்சிட்டியா? கஞ்சி போயிருக்கும், கொஞ்சம் வழுக்கும். முடிச்சை இறுக்கிப் போடு" என்றார்.

நாளைக்கு ஓமப்பொடி வில்லை. துளை சின்னது, இன்னும் சீக்கிரம் அடைக்கும். துண்டுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கிறேன், பெருங்காயம் ஊறுகிறது.