சுங்கை சிப்புட்: சின்னம் மாறினால் என்ன ஆகும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்து நாடாளுமன்றத் தொகுதியான சுங்கை சிப்புட், ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கோட்டை என்று சும்மா சொல்லவில்லை. 1959 முதல் 1974 வரை துன் வீ.தி.சம்பந்தன், அதன்பின் 2008 வரை சாமிவேலு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு, இரண்டே பேர்.

2008 மார்ச் 8-இல் டாக்டர் ஜெயகுமார் 1,821 வாக்கில் சாமிவேலுவைச் சாய்த்தார். திடீர் அலை மட்டும் காரணமல்ல, 1999-லும் 2004-லும் அதே தொகுதியில் நின்று தோற்றவர் அவர். பி.எஸ்.எம். (மலேசிய சோசலிசக் கட்சி) ஆள்தான், ஆனால் 2008-இல் நின்றது பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில். பலர் மறப்பது இதைத்தான். 2013-லும் அதே சின்னம், அதே வெற்றி.

2018-இல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றார். வைப்புத்தொகையே போச்சு! பதிவான செல்லுபடி வாக்கில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு எடுக்காவிட்டால் பணம் திரும்பாது. பத்தாண்டு எம்.பி., அதே முகம். ஜெயித்தது பி.கே.ஆர். சார்பில் நின்ற கேசவன், 2022-லும் அவரே.

பழைய பெரும்பான்மையை, அதாவது வாக்கு வித்தியாசத்தை, 2022-உடன் அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள். 18 வயதில் வாக்குரிமையும் தானியங்கி வாக்காளர் பதிவும் வந்தபின் வாக்காளர் பட்டியலே வேறு. வாக்குச்சாவடியில் சாலுரான் (வாக்களிக்கும் வரிசை/அறை) வயதுப்படி பிரியும்: 1-இல் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். ஒவ்வொரு சாலுரானின் எண்ணிக்கையும் போராங் 14 எனும் வாக்கு எண்ணிக்கைப் படிவத்தில் இருக்கும். தோட்டத்துப் பள்ளிச் சாவடியில் முதல் சாலுரானையும் கடைசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தாத்தாவும் பேரனும் எங்கே பிரிகிறார்கள் என்பது தெரியும்.