ஏழாம் பெட்: ஐசியூ நாட்குறிப்பு

மார்ச் 2

காலை எக்ஸ்ரேயில் ஏழாம் பெட்காரரின் இடது தோளருகே விரல்கணு நீளத்துக்கு ஒரு வெள்ளை உருளை. புதிதாகக் குழாய் எதுவும் போடவில்லையே என்று போய்ப் பார்த்தால், தாயத்து. நேற்று பார்வையாளர் நேரத்தில் அவர் மனைவி தலையணை உறைக்குள் செருகிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே இருந்த செப்புத் தகடு படத்தில் பளிச்சென்று விழுந்துவிட்டது.

செப்சிஸ், அதாவது கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை. வென்டிலேட்டரில் 11ஆம் நாள், டயாலிசிஸ் தொடங்கி ஐந்து நாள். மருந்தைக் குறைத்தால் பிரஷர் நிற்பதில்லை. மாலையில் குடும்பத்தை உட்காரவைத்துச் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து, "சமயபுரத்தாள் கைவிட மாட்டா டாக்டரம்மா" என்றார். "கிட்னி இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கலம்மா" என்றேன். அதற்கப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

மார்ச் 4

ஜர்னல் கிளப்புக்கு (ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து விவாதிக்கும் எங்கள் கூட்டம்), ஜாமா இன்டர்னல் மெடிசின் மருத்துவ இதழில் 2015இல் வந்த ஒரு கட்டுரையை எடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் 13 ஐசியூக்களில், நோயாளிக்காக முடிவெடுக்கும் உறவினர்களோடு டாக்டர்கள் பேசிய 249 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து அலசியிருக்கிறார்கள். அந்த உறவினர்களில் 77.6 சதவீதம் பேருக்கு மதமோ ஆன்மிகமோ முக்கியம். ஆனால் அந்தப் பேச்சு வந்ததே 40 உரையாடல்களில்தான். அதிலும் 26இல் முதலில் எடுத்தது உறவினர்கள். டாக்டர்கள் பல நேரம் பேச்சை மருத்துவத்துக்கே திருப்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கை என்ன, ஏது என்று மேலும் விசாரித்தவர்கள் மிகச் சிலர்.

பஸ்ஸில் இதைப் படிக்கும்போது எனக்கு என் கிட்னி பதில்தான் காதில் கேட்டது.

மார்ச் 5

ஜர்னல் கிளப்பில் ஜூனியர் ஒருவர், "பிரார்த்தனையால் பலன் இல்லை என்றுதான் நிரூபித்துவிட்டார்களே" என்றார். அவர் சொன்னது 2006இல் வெளியான பென்சன் குழுவின் ஆய்வை. ஆறு மருத்துவமனைகள், பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். யாரோ தங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்களா என்று தெரியாதவர்களில் பிரார்த்தனை கிடைத்தவர்களுக்கு 52 சதவீதம், கிடைக்காதவர்களுக்கு 51 சதவீதம் சிக்கல்கள். பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கோ 59.

சரி. ஆனால் முன்பின் தெரியாதவர்களின் பிரார்த்தனையை மாத்திரை போலக் கொடுத்துப் பார்த்த சோதனை அது. அந்த அம்மா என்னிடம் சிக்கல் விகிதமா கேட்டார்?

மார்ச் 6

மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை ஃபைலைத் திறக்கவில்லை. "அவருக்கும் அம்மன் மேல அவ்வளவு பக்தியாம்மா?" என்று கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார். வருஷா வருஷம் பூச்சொரிதலுக்கு நடந்தே போவாராம். பக்தர்களுக்காக அம்மனே 28 நாள் பச்சைப் பட்டினி கிடக்கிற கோயில், அவள் நம்மை விடுவாளா என்று ஊரெல்லாம் சொல்வாராம். "என்ன வேண்டிக்குவாரு?" என்றேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "படுக்கையில கிடந்து சீரழிய விடாம கூப்பிட்டுக்க தாயின்னுதான்."

மகன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நானும் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவரே வந்து, "மேடம், அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு, உச்ச நீதிமன்றம் 2023இல் எளிமையாக்கிய நடைமுறையை விளக்கினேன். இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும். அவசரமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மார்ச் 9

இரண்டாவது குழுவும் ஒப்புதல் தந்துவிட்டது.

கனடாவின் ஹாமில்டனில் டெபோரா குக் குழுவினர் நடத்திய 'மூன்று விருப்பங்கள்' ஆய்வு ஞாபகம் வந்தது. ஐசியூவில் இறக்கும் தறுவாயில் இருந்த 40 பேர். அவர்களுக்காகக் கேட்கப்பட்ட 163 விருப்பங்களில் 159ஐ நிறைவேற்றியிருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஆன செலவு அதிகபட்சம் 200 டாலர். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. எந்த ஐசியூவிலும் செய்யக்கூடியது.

அந்த அம்மாவிடம் கேட்டேன். நெற்றியில் கோயில் குங்குமம், காதருகே அம்மன் பாட்டு, கையில் அந்தத் தாயத்து. மூன்றே மூன்றுதான். சிஸ்டர் டியூபின் பிளாஸ்திரியை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் குங்குமம் இட்டார். வீங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தாயத்தை உள்ளே வைத்தார்.

நாளைக் காலை எக்ஸ்ரே வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு வந்தேன்.