அண்ணதானம் உண்டு

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பேனர் கண்ணில் பட்டது. ‘தைபூச காவடி. பக்த்தர்கள் திரளாக வருக. அண்ணதானம் உண்டு.’ அண்ணனைத் தானம் கொடுக்கிறார்களாம்! எனக்கு இரண்டு அண்ணன்கள். ஒருவரை அனுப்பிவைக்கலாம்.

மொரீஷியஸில் நம் வீடுகளில் பேச்செல்லாம் கிரியோல் மொழிதான். ல, ள, ழ மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கிறது, அதனால் ‘முருகன் அருல்’ என்று எழுதினால்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் சிலர் எழுதும் ‘முயற்ச்சி’யை என்ன செய்வது? ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. அவ்வளவுதான் விதி, ஒரே வரி. முயற்சி, பயிற்சி, வெட்கம். காதைவிடக் கண்ணுக்குத்தான் இங்கே வேலை.

(வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. புலவர்களே இன்னும் முடித்தபாடில்லை.)

1998-இல் மொரீஷியஸின் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம்மவர்கள் கொதித்து எழுந்தார்களே, நினைவிருக்கிறதா? கடைசியில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அப்போது முன்வரிசையில் நின்று கத்திய மாமா ஒருவர்தான் இந்தப் பேனருக்கு வாசகம் எழுதியவர். விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சும்மா இருக்க முடியாமல் போனும் போட்டேன்.

“அண்ணதானமா மாமா?”

“உனக்குச் சோறு வேணுமா, இலக்கணம் வேணுமா?”

வாழை இலையில் ஏழு கறி. சோறு என்று சொல்லிவிட்டேன்.